வெள்ளை விரிப்பு

— உன்ர அக்கா துணிதான் காயப்போட்டுக்கொண்டு நிண்டவ, செலீன். வேற ஒண்டுமில்லை. ஜெபவீட்டு வெள்ளை விரிப்பு. ஒரு மூலையை வாயில கவ்விக்கொண்டு மற்ற மூலையைக் கொடியில எறிஞ்சவ. என்னைக் கண்டிட்டுக் கையைக் காட்டினவ.

— வாயில துணியோட சிரிச்சிருப்பா அக்கா.

— ஓம், சிரிச்சவதான்.

— காலமை நான் புறக்கோட்டைக்கு வேலைக்கு வெளிக்கிடேக்க அவ நித்திரை. எழுப்பாமப் போயிட்டன். சரி, பிறகு, இமெல்டாக்கா?

— பிறகென்ன, பிள்ளை. காலி வீதியில தமிழற்றை கடையள் எரியுது எண்டு ஒரே சத்தம். நான் ஓடிவந்து கூப்பிட்டனான். "கொறற்றி, ஜெபவீட்டுக்கு வா, எல்லாரும் அங்கதான், பக்கத்து வீட்டு சிங்கள மாத்தயா கேற்றடியில நிக்கிறார், ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டார்" எண்டு. கர்த்தர் அறிவார், கூப்பிட்டனான்.

— அவ வரேல்லை.

— "ஏழு நாளைக்கு உள்ளுக்கு வரவேண்டாம் எண்டு பாஸ்டர் சொன்னவரல்லோ, நீ போ" எண்டா.

— நீங்களும் போயிட்டீங்கள். பிறகு வீட்டைக் கொளுத்தினாங்கள், அவ உள்ளுக்கு.

— நான் என்ன செய்ய, செலீன்?

— கையைப் பிடிச்சு இழுத்திருக்கலாம்.

— அது... வந்து...

— ஓ. தொட்டா உங்களுக்கும் தீட்டு. பொழுதுபடுமட்டும் நீங்களும் வெளியில நிண்டிருக்க வேணும், என்ன?

— பகிடி பண்ணாத! லேவியராகமத்தில கிடக்கு, பதினைஞ்சாம் அதிகாரம். நானே எழுதினது? தேவசமூகம் எண்டா பரிசுத்தம் வேணும், பிள்ளை.

— பெரும்பாடுள்ள ஒரு மனுசி ஆண்டவற்றை அங்கியைத் தொட்டவள். ஏழு நாள் கழிச்சு வா எண்டு சொன்னவரோ அவர்? "மகளே" எண்டெல்லோ கூப்பிட்டவர். அவளின்ர தீட்டு அவருக்கு ஒட்டேல்லை, அவற்றை சுகம்தான் அவளுக்குப் போனது. முன்னுக்கு நிண்டு நீங்கள்தானே அதைப் பாட்டாவும் படிக்கிறனீங்கள்.

— இந்த அகதிக் காம்பில கிடந்து கிடந்து நீ கசப்பை வளர்க்கிறாய். ஞாயிற்றுக்கிழமை வா. கொறற்றிக்காக ஜெபம் வைச்சிருக்கு. பாஸ்டர் உன்னைக் கையோட கூட்டிவரச் சொன்னவர்.

— வாறன். எனக்கு ஒண்டு மட்டும் தெரியவேணும். விரிப்பில கறை கிடந்த அண்டைக்கு, இது ஆற்றை எண்டு பாஸ்டர் பொம்பிளையளைக் கேட்டவராம். அக்காவின்ர எண்டு சொன்னது ஆர்?

— பழங்கதை இப்ப எதுக்கு?

— எனக்குப் பழசில்லை.

— சரி, நான்தான். அந்த மூலையில நாங்கள் ரெண்டு பேரும்தானே இருந்தனாங்கள். ஆனா அவ மறுக்கேல்லையே! என்னை ஒருக்காப் பாத்தா. பிறகு தலையைக் குனிஞ்சு விரிப்பைச் சுருட்டி எடுத்து, "தோய்ச்சுக் கொண்டு வாறன்" எண்டு போயிட்டா. தன்ர இல்லையெண்டா வாயைத் திறந்திருப்பாதானே?

— அண்டைக்கு, அவ போன பிறகு, முன்னுக்கு நிண்டு பாடினது நீங்கள்தானோ?

— வேற ஆர் பாடுறது? என்ன கேள்வி இது? அவ என்ர உயிர்க் கூட்டாளி, செலீன்! அப்பெண்டிக்ஸ் வெட்டி ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, கொட்டாஞ்சேனையிலயிருந்து ரெண்டு பஸ் மாறி சூப் கொண்டு வந்தது ஆர்? உங்கட சொந்தக்காரரோ?

— நீங்கள்தான். ஆட்டெலும்புச் சூப். சொல்லிச் சொல்லிக் குடிச்சவ.

— பிறகேன் என்னை இப்பிடிப் பாக்கிறாய்?

— அது அப்பெண்டிக்ஸ் இல்லை, இமெல்டாக்கா. கலியாணம் பேசுற நேரமெண்டு அம்மா அப்பிடிச் சொல்லச் சொன்னவ. எடுத்தது கர்ப்பப்பை. அதுக்குப் பிறகு அக்காவுக்கு ஒரு மாதமும், ஒரு சொட்டும் வந்ததில்லை.