கண்ணையன் லேஅவுட்

இந்த டீ கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன், சார். ஃபைல் மேல் வட்டமாகக் கறை படிந்துவிடும். எதுவும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் எனக்கு மனசு நிற்கும். "சுமலதா கை வச்சா கடுகு டப்பாகூட வரிசையில நிக்கும்" என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

என் வேலையும் அதுதான். உழவர்கரையில் ஒரு சின்ன கம்பெனியில், பிரவுசரில் ஓடும் திரைகள் செய்கிறேன். தேங்காய்த்திட்டு ஹார்பர் பக்கம் இருக்கும் அந்த ஐஸ் ஃபேக்டரிக்கும் நான்தான் செய்தேன். தண்ணீர், கரண்ட், மெஷின் ரூம் வெப்பம், அமோனியா கசிவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேனல். ஐஸ் உறையவைக்கும் அந்த அமோனியா கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும் என்பது உங்களுக்கே தெரியும். பேனல்களை மவுஸால் இழுத்து எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கினால் அடியில் இருப்பதற்குத் தலைப்பு மட்டும் தெரியும். அடியில் போன பேனல் தூங்கிவிடும். எண் மாறாது, நிறம் மாறாது, அலாரமும் அடிக்காது. கம்ப்யூட்டருக்குப் பாரம் குறையட்டும் என்று நான்தான் அப்படி எழுதினேன்.

கண்ணையன் அண்ணன் அங்கே மெஷின் ஆபரேட்டர். முன்பு வேலை பார்த்த பஞ்சு மில்லை மூடியபின் அங்கே வேலைக்கு வந்தவர். நல்ல மனிதர், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய திரையை வந்த நாளே கலைத்துப் போட்டார். ஓரத்தில் அடக்கமாக இருந்த அமோனியா பேனலை நட்டநடுவில் கொண்டுவந்து, பாதித் திரைக்கு இழுத்துவிட்டார். மற்றதெல்லாம் அதைச் சுற்றி நசுங்கிக் கிடந்தன.

ஏன் என்று கேட்டேன்.

"கொரோனா வந்துட்டுப் போனதுலேர்ந்து எனுக்கு வாடையே தெரியல பாப்பா. மீன் நாறுதுன்னு ஊரே மூக்கப் பொத்திக்குது, நான் பாட்டுக்கு ஒக்காந்து டீ குடிக்கிறேன். இந்தப் பேனல்தான் எனுக்கு மூக்கு. மூக்கு நடுவுலதான இருக்கணும்?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் முதலாளி தெய்வசிகாமணி வெளியூர் ஐஸ் ஃபேக்டரிக்காரர்களைக் கூட்டிவந்து திரையைக் காட்டினார். இதை இவ்வளவு தெளிவாக யார் அடுக்கியது என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கண்ணையன் அண்ணன் முந்திக்கொண்டார். "பாப்பா அழகா கோலம் போட்டு வச்சிருந்துச்சு. நான்தான் அத அழிச்சிட்டு வேலைக்கு ஆவுற மாரி வச்சேன்." எல்லாரும் சிரித்தார்கள். இனி எல்லாருக்கும் இதையே போட்டுக்கொடு என்றார் முதலாளி. மெனுவில் அதற்கு ஒரு பெயர் வேண்டுமே. 'கண்ணையன் லேஅவுட்' என்று என் கையாலேயே டைப் அடித்தேன்.

வயிறு எரிந்தது, சார். சொல்வதற்கென்ன, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதையும் இதையும் நீங்கள் முடிச்சுப் போடக்கூடாது.

அடுத்த அப்டேட்டில் அவருடைய திரையைச் சுத்தம் செய்தேன், அவ்வளவுதான். கசிவு பேனல் நடுவிலேயேதான் இருந்தது. அதன் மேல் வெப்ப பேனலை வைத்தேன். அதே அளவு, அதே பச்சை. 'மெஷின் ரூம் காற்று: வெப்பம்' என்று ஒன்றுக்கும், 'மெஷின் ரூம் காற்று: கசிவு' என்று மற்றதற்கும் தலைப்பு வைத்தேன். பெரிய எழுத்தில் இடம் போதாமல் தலைப்பின் வால் வெட்டுப்பட்டு, இரண்டிலும் 'மெஷின் ரூம் காற்று' மட்டும்தான் தெரியும். எல்லாத் திரையிலும் அப்படித்தான். பொய்யாக ஓர் எழுத்து நான் எழுதவில்லை. அவர் எண்ணைப் படிக்கிறவர் இல்லை. பச்சை என்றால் உள்ளே போவார், சிவப்பு என்றால் போகமாட்டார். ஒரு தடவை மூக்குடைபடட்டும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "இப்பதான் ஸ்கிரீன் பளிச்சுனு இருக்குது பாப்பா. கை வேலக்காரிதான் நீ." எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாற்றியதைப் பழையபடி வைக்க அப்போது தோன்றவில்லை.

அது நடந்த அன்றைக்கு மதியம் ஃபேக்டரியில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே ஒரு பைப் விட்டுப்போனது. அவர் திரையைப் பார்த்தார், பச்சை. கதவைத் திறந்து உள்ளே போனார். வாடை தெரியாதவருக்கும் கண் எரியும், தொண்டை அடைக்கும். ஆனால் அது உள்ளே போன பிறகு. கதவு வரைக்கும் திரும்பி வந்து விழுந்திருக்கிறார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

சாவுக்குப் போனேன். அவர் மகள் கவிநிலா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அந்த ஸ்கிரீன பாக்காம எங்கப்பா உள்ள காலு வைக்கமாட்டாரேக்கா. அன்னிக்கு மட்டும் எப்பிடிக்கா பாக்காம போனாரு?"

"பாத்துட்டுதாம்மா போயிருப்பாரு" என்றேன். அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் கசிவு வேறு யாருக்காவது தெரியுமா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். ஃபேக்டரித் திரையை என் கம்ப்யூட்டரில் எப்போதும் திறந்துதான் வைத்திருப்பேன். டிபன் பாக்ஸைத் திறந்தபோது பேனல் சிவந்து அலாரம் அடித்தது. பக்கத்தில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் சத்தத்தைக் குறைத்தேன். போன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அண்ணன் நம்பரும் அதில் இருந்தது. எண் ஏற ஏறப் பெட்டிக்குள் அடங்கவில்லை, ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் அகலமாக இழுத்துவிட்டேன்.

என் திரையில் எந்த லேஅவுட் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கண்ணையன் லேஅவுட்தான். கசிவு பேனல் நட்டநடுவில், பாதித் திரைக்கு. அண்ணன் சொன்னது சரி, சார். அங்கே வைத்தால்தான் நன்றாகத் தெரிகிறது.