கதவைப் பூட்டிக் குறைகளைக் கேட்க வைத்தது பற்றி

வாலு, வாய் திறந்ததும் உன் பெயர்தான் வந்தது. காவல் நிலைய எழுத்தர் ஐயா பேனாவை நிறுத்தி, "அது இறந்துபோன உங்க மகளாம்மா? முதல்ல உங்க விவரத்தைச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. கணவர் இல்லை. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கிறேன், கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். சலவைக்கடை அக்கா என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன்.

என் மாப்பிள்ளையின் அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கும் கண்ணாடிக்காரர் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். அவரையும் மாப்பிள்ளையையும் படம் வரைகிற பெண்ணையும் நேற்று முற்பகலில் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினேன் என்பது புகார். பூட்டியது உண்மை. ஏன் பூட்டினேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து அந்த அலுவலகத்தை ஆரம்பித்தார்கள். சின்னக் கடைக்காரர்கள் தாங்களே வெப்சைட் வைத்துக்கொள்வதற்கான டெம்ப்ளேட்டுகளையும், அவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் சட்டகத்தையும் என் மகள்தான் செய்தாள். எனக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னது, "வீட்டைக் கட்டி வச்சிடுவோம்மா. வர்றவங்க பேர்ப்பலகையை மாட்டி, சாமானை அடுக்கிக்கிட்டா போதும்." கட்டியாயிற்று என்று அவள் சும்மா இருந்ததில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'எங்கே கஷ்டமாக இருக்கிறது?' என்று ஒரு பெட்டி வைத்து, அதில் வந்து விழுவதையெல்லாம் காலையில் முதல் வேலையாகப் படிப்பாள். அதுவும் போதாமல் கடைகளுக்கே போவாள், என்னையும் துணைக்குக் கூட்டிப் போவாள், அவர்கள் படம் மாற்றுவதையும் விலை மாற்றுவதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள், ஆனால் உதவி செய்ய மாட்டாள். ஒருமுறை கேக் கடைக்காரம்மா பொத்தானைத் தேடித் தவித்ததைப் பொறுக்காமல் நான் விரலை நீட்டிக் காட்டிவிட்டேன். வெளியே வந்ததும், "நீ காட்டிட்டம்மா. அவங்க எங்கெல்லாம் தேடுவாங்கன்னு இனிமே எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவை கையைக் கட்டிக்கிட்டு உட்காரு" என்றாள். அதன் பிறகு கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அந்தக் கேக் கடைக்காரம்மா வாய் உள்ளவர். "உன் டெம்ப்ளேட்ல போட்டா என் கேக்கு செங்கல் மாதிரி தெரியுதுடி" என்றார். என் மகள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள், போய் மாற்றினாள். நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் அவளுக்கு முகம் விழுந்துவிடும். "நல்லாருக்குன்னா, கிளம்புன்னு அர்த்தம்மா" என்பாள்.

அவள் காய்ச்சல் என்று படுத்தாள், அது ரத்தத்தில் கலந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள், அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு மாப்பிள்ளை அலுவலகத்தைத் திறந்தார், அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. கேக் கடைக்காரம்மா போர்வை போட வந்த இடத்தில், "முன்னாடி ஒரு பெட்டி இருந்துச்சுக்கா, திட்டி எழுதினா சரியாயிடும். இப்ப நான் எங்க போய்த் திட்டறது, உங்க கடையிலயா?" என்றார். "இங்கயே திட்டு" என்றேன். திட்டினார். முடித்ததும் போர்வைக்கு ரசீது வாங்காமலே போய்விட்டார்.

அதன் பிறகு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அவ செஞ்சது அத்தை. ஒவ்வொரு வரியும் அவ எழுதினது. அதைக் குறை சொல்லி ஒருத்தர் எழுதறதைக் காலங்காத்தால உட்கார்ந்து படிக்க என்னால முடியல. அது அப்படியே இருக்கட்டும்" என்றார். அவருக்குத் தேய்த்துக் கொண்டுபோன சட்டைகளை வைக்க அலமாரியைத் திறந்தேன், போன முறை கொண்டுபோனவை கட்டுப் பிரிக்காமல் இருந்தன. "தான் செஞ்சதை அவளே தினமும் பிரிச்சுப் பிரிச்சுத்தானே தச்சா மாப்பிள்ளை" என்றேன்.

அதன் பிறகு நானே போனை எடுத்துக்கொண்டு கடைகளுக்குப் போனேன், எங்கே கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டேன், அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தேன். "இதெல்லாம் உங்களுக்குப் புரியுமாக்கா?" என்று பூக்கடைக்காரர் கேட்டார். "புரியாது. புரியறவங்ககிட்ட கொண்டு போவேன்" என்றேன். அந்தப் பொருள் மட்டம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததாகப் புகாரில் இருக்கிறது. அது பொய். நான் கேட்கத்தான் செய்தேன்.

பதிவு செய்ததைக் கேட்கச் சொல்லிப் போகும்போதெல்லாம் மாப்பிள்ளை, "அப்புறம் கேக்கறேன் அத்தை" என்று எழுந்து போய்விடுவார். நேற்றும் எழுந்தார். நான் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரையும் தொடவில்லை. படம் வரைகிற பெண், "ஆன்ட்டி, நான் பாத்ரூம் போகணும்" என்றாள். "அது உள்ளதான இருக்கு, போயிட்டு வா, நிறுத்தி வைக்கிறேன்" என்றேன். கண்ணாடிக்காரர் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் கேளுங்க" என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டேன். வெயிலில் எழுத்தே தெரியவில்லை என்று பூக்கடைக்காரர் சொன்னது, விலையை மாற்றினால் படமும் சேர்ந்து ஓடிவிடுகிறது என்று கேக் கடைக்காரம்மா சொன்னது எல்லாம் ஓடியது. அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சைக்கிள் கடைக்காரர் பேசியது வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்: "எங்களைப் பற்றிங்கற பக்கத்துல படம் போட ரெண்டு வட்டம் இருக்கும்மா. ஒண்ணு நான், ஒண்ணு என் தம்பி. தம்பி போய்ச் சேந்துட்டான். அவன் படத்தை எடுத்தா, அந்த வட்டத்துல 'படத்தை இங்கே சேர்க்கவும்'னு வருது. எடுக்காம விட்டா, போன் பண்ணி அவனைக் குடுங்கறாங்க. ஒத்தை ஆளா இருக்க இதுல வழியே வைக்கலையா?"

மாப்பிள்ளை திரும்பினார். "இன்னொரு தடவை போடுங்க அத்தை" என்றார். போட்டேன். அதன் பிறகு கம்ப்யூட்டரில் அவர்களுடைய அலுவலகத்துப் பக்கத்தையே திறந்தார். இரண்டு வட்டம் இருந்தது, ஒன்றில் அவர், ஒன்றில் என் மகள். "எங்க ரெண்டு பேரை வச்சுத்தான் இதை முதல்ல செஞ்சா. எதை மாத்தினாலும் முதல்ல இதுலதான் போட்டுப் பாப்போம்" என்றார். விசைப்பலகையில் கையை வைத்தார், எதையும் அழுத்தவில்லை. சைக்கிள் கடைக்காரர் சொன்னது என் மகள் படத்தில் வந்து நிற்கும் என்று நான் யோசித்துப் போகவில்லை. அப்போது போலீசிலிருந்து நீங்கள் வந்து கதவைத் தட்டினீர்கள், எழுந்து திறந்துவிட்டேன்.

இனிமேல் கடைகளுக்குப் போய்க் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கண்ணாடிக்காரர் சொல்கிறார். மாப்பிள்ளை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு எதிராகவும் சொல்லவில்லை, எனக்காகவும் சொல்லவில்லை. பூட்டியது தப்பு, அதற்கு என்ன உண்டோ செய்யுங்கள், இனிப் பூட்ட மாட்டேன். போகாமல் இருக்க மாட்டேன். நாளைக்குச் சாவி செய்கிறவர் கடைக்கும் குறை கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறேன், போவேன்.

எழுத்தர் ஐயா இதை முழுக்க வாசித்துக் காட்டினார். எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மிரட்டவில்லை. கீழே இருப்பது என் கையெழுத்து.

இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். ஒருவர் மட்டும் இருக்கிற மாதிரி உன் புருஷன் அந்தப் பக்கத்தை மாற்றினால், முதலில் எடுக்கப்போவது உன் படத்தைத்தான். மாற்றச் சொல்லிக் கேட்டது நான். உனக்குச் சம்மதம்தானே, வாலு?