தென்சரிவுப் புதர்

தேநீருக்கு நன்றி, ஐயா. பால் இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்கலாம். ஆனால் குறை சொல்வதற்காக நான் இங்கே வரவில்லை.

பெயர் லயனல் ஹாப்குட். தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். மனைவி என்னை விட்டுப் போனபோது, "உனக்குப் பிடிவாதத்தைத் தவிர வேற பொழுதுபோக்கே இல்ல" என்றாள். அது பொய் என்று காட்டத்தான் ஹெதர் என்கிற காட்டுப் பூச்செடி வளரும் வெளியைச் சீர்செய்யும் குழுவில் சேர்ந்தேன். மறுவருடமே தலைவனானேன். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை.

பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடம் முடிகிற இடத்தில் அந்த வெளி தொடங்குகிறது. முன்பெல்லாம் ஆகஸ்டில் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஊதாவாகப் பூத்துக் கிடக்குமாம். நாங்கள் கைவைத்தபோது பர்ச் மரமும் முள்புதரும் யாரோ வீசிப்போன சோபாக்களும்தான் மண்டிக் கிடந்தன. குளிர்காலந்தோறும் வெட்டினோம், எரித்தோம். ஒருமுறை என் பூட்ஸின் கீழ் ஒரு மணல்பல்லி நசுங்கிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குழுவில் இருக்கும் ஹிலரி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்ட வீரன் நான்.

கடைசியில் தென்சரிவு மட்டும் மிஞ்சியது. அங்கே முள்புதருக்குள் கூடாரம் போட்டு டெனிஸ் இருந்தார். கூரை வேலை செய்தவர். விழுந்து இடுப்பு போனது, பிறகு வேலை, பிறகு வீடு. என்னைக் கண்டால், "என்ன ஜெனரல், இன்னிக்கு எத்தனை மரத்தைச் சாய்ச்சீங்க?" என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். சூப் கொண்டுபோவேன். கம்பளிக் காலுறைகூடக் கொடுத்தேன்.

வீடற்றோர் விடுதியில் இடம் பார்த்துத் தருவதாகச் சொன்னேன். "அங்க என் பூட்ஸையே திருடிட்டாங்க. இந்த முள்ளுதான் ஜெனரல் எனக்குக் கதவு. இந்த ஒரு மூலைய எனக்கு விட்டா உங்க செடிக்கு என்ன குறைஞ்சிடும்?" என்றார்.

நியாயமான கேள்வி. குளிர்காலம் முழுவதும் பதில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது அப்போதுதான்.

மார்ச் கடைசி. அதற்குமேல் பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிடும், புதருக்குத் தீ வைக்கக் கூடாது. அன்று காலை காற்று எங்களுக்குச் சாதகமாக இருந்தது. பற்றவைக்குமுன் புதருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவது தலைவனின் வேலை. போய்விட்டு வந்தேன்.

"டெனிஸ் கிளம்பிட்டாரா?" என்று ஹிலரி கேட்டாள்.

"கிளம்பிட்டார்" என்றேன். தீயை நானே வைத்தேன். அந்தப் பாரம் ஹிலரிக்கு எதற்கு? இந்த மாதிரி விஷயங்களில் எனக்குக் கரிசனம் அதிகம்.

நான் உள்ளே ஒழுங்காகப் பார்த்தேனா என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்? பார்த்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. கூடாரத் துணியை விலக்கியே பார்த்தேன். வாயைப் பிளந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இடுப்பு வலியில் அவருக்கு அப்படித் தூக்கம் வாய்ப்பதே அபூர்வம்.

எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.