இந்த வருஷம் புதிதாக: நிஜமான விழுதல்

எனக்கு எந்த விளையாட்டும் வராது, மேடம். பந்து என் பக்கம் வந்தால் விலகி நின்று வழி விடுகிற ரகம். ஆனால் ஒரு மனுஷன் எப்படி விழுவான் என்று கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்வேன். அதுதான் என் வேலை. வீடியோ கேமில் கால்பந்து ஆடுகிறவன் இடித்து, தடுக்கி, வழுக்கி விழுகிறான் இல்லையா, அந்த விழுதல் எல்லாம் என் பொறுப்பு. ஓடுவதற்கு ஒரு குழு, உதைப்பதற்கு ஒரு குழு, விழுவதற்கு நான்.

வேலை எப்படி நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் இல்லாத பெரிய கூடம். சுவர் முழுக்கக் கேமரா, நடுவில் மெத்தை. இறுக்கமான கறுப்பு உடையில் வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டு ஒருவன் ஓடிக் குதித்து விழுவான். கேமரா அவன் முகத்தைப் பார்க்காது, அந்த உருண்டைகளை மட்டும்தான் பார்க்கும். அப்படி எடுத்த அசைவை எந்த ஆட்டக்காரன் உடம்பில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். எங்களுக்காக விழுந்தவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. ஸ்பிரிங் என்றால்தான் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் நிஜமாகவே கால்பந்து ஆடினான், பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்தே தேய்ந்தான். நான்தான் அவனை இங்கே சேர்த்துவிட்டேன்.

வருஷா வருஷம் புது கேம் ஒன்று வெளிவந்தே ஆகவேண்டும் என்று முதலில் சொன்னவன் எவனோ தெரியாது. கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். போன வருஷத்து ஆட்டத்தில் இருக்கிற ஓட்டையை அடைத்து முடிப்பதற்குள் அடுத்த தேதி வந்து கழுத்தில் உட்காரும். பிறகென்ன, சட்டை நிறத்தை மாற்று, அணி மாறியவன் பெயரை மாற்று, புல்லை இன்னும் கொஞ்சம் பச்சையாக்கு, டப்பாவில் போட்டு முழு விலைக்கு வில். வாங்குகிறவன் சும்மா இருப்பானா? "போன வருஷம் வித்ததையே திரும்பத் தலையில கட்டறானுங்க" என்று திட்டுவான். திட்டிக்கொண்டே வரிசையில் நின்று வாங்குவான். இவர்கள் எழுதுவதை எல்லாம் நான் ஒன்று விடாமல் படிப்பேன். ஒருவன் எழுதியிருந்தான்: "இந்த கேம்ல விழறவன் எல்லாம் படுக்கப் போறவன் மாதிரியே விழறான்." அதற்கு ஊரே சிரித்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சொன்னது உண்மை, அதுதான் எரிந்தது.

கூட்டத்தில் விற்பனைத் தலைவரிடம் நேராகவே கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு விடலாம் சார். நேரம் குடுங்க, ஒவ்வொரு விழுதலையும் கையாலேயே செதுக்கித் தரேன்."

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ரெண்டு வருஷம் விட்டா ஜனங்க நம்மள மறந்துட்டு வேற கடைக்குப் போயிடுவாங்க. எனக்கு டப்பா மேல ஒரே ஒரு வரி வேணும், இந்த வருஷம் புதுசா என்னன்னு. அத மட்டும் சொல்லுங்க."

என்னுடன் டீ குடிக்கும்போது இதே பேச்சைப் பேசுகிற அத்தனை பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். "நிஜமான விழுதல்னு போட்டுக்குங்க" என்றேன். ஆத்திரத்தில் சொன்னது. அவர் புன்னகையோடு எழுதிக்கொண்டார். டப்பா அச்சுக்குப் போய்விட்டது. எங்கள் கம்பெனியில் அப்படித்தான், டப்பா முதலில், உள்ளே இருப்பது பிறகு.

வீட்டில் சாப்பிடும்போது மச்சினனிடம் புலம்பினேன். அவனுக்கு என் கோபம் ஏறவே இல்லை. "வருஷா வருஷம் வரட்டும் மாமா. வந்தாத்தானே எனக்கு வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னா நான் ஒரு வருஷம் விழணும், ஒரு வருஷம் உங்க வீட்டு சோபாவுல கெடக்கணும். அக்கா தொரத்திடுவா." அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அவனை எத்தனை விதமாக விழவைத்தேன் என்று கணக்கே இல்லை. முகம் சுளிக்க மாட்டான், திரும்பத் திரும்ப விழுவான். குறை அவனிடம் இல்லை, அவன் உடம்பில் இருந்தது. பந்தைத் தலையால் முட்ட உயரே எழும்புகிற காட்சிக்கு இடுப்பில் பட்டை கட்டி, கூரைக் கப்பி வழியாகக் கயிற்றில் தூக்குவோம். காட்சி முடிந்ததும் கயிறு பிடிக்கிறவர் மெல்ல இறக்குவார். தன்னை ஒருவர் பிடித்திருக்கிறார் என்று அந்த உடம்புக்குத் தெரியும். "பயந்து விழுடா" என்றால் நடிப்பான். நடிப்பு முகத்தில் தெரியாவிட்டாலும் முழங்கையில் தெரிந்துவிடும். கை சாவகாசமாக வரும், தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் கை மாதிரி.

பிடித்திருந்த கயிறு போய்விட்டது என்று உடம்புக்குத் தெரிகிற அரை நொடி, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை நடிக்க முடியாது, நானும் கையால் செதுக்க முடியாது, தேதி நெருங்கிவிட்டது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், மேடம். எனக்கு இரண்டு வருஷம் கொடுத்திருந்தால் அவன் இன்று நடந்துகொண்டிருப்பான். எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

கயிறு வழுக்கிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அன்று காலை கயிறு பிடிக்கிறவரை நான்தான் டீ குடிக்க அனுப்பினேன். "என் மச்சான நானே புடிச்சுக்கறேன், நீங்க போங்க" என்றேன். அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது, அவரை வேலையை விட்டு எடுத்தது அநியாயம். ஸ்பிரிங்குக்கு ஒரே சந்தோஷம். பட்டையை மாட்டும்போது, "மாமா புடிச்சா யானை புடிச்ச மாதிரி" என்றான். இரண்டாள் உயரம் தூக்கினேன். தலை முன்னால் சாய்ந்து, கை பின்னால் போய், அழகாக வந்தான். அப்போது விட்டேன்.

அவனுக்கு இவ்வளவு அடிபடும் என்று எனக்குத் தெரியுமா என்று மூன்று விதமாகக் கேட்டீர்கள். முந்தின நாள் ஒரு மணல் மூட்டையை அதே உயரத்தில் கட்டி விட்டுப் பார்த்தேன். மெத்தை, தரையில் நின்று விழுகிறவனுக்காகப் போட்டது, அந்த உயரத்துக்குப் போதாது. மூட்டை தையல் பிரிந்து, மணல் கூடம் முழுக்கச் சிதறியது, நானே கூட்டி அள்ளினேன். ஆக, தெரியும். ஆனால் மூட்டைக்குக் கை கிடையாது பாருங்கள், காற்றில் எதையும் தேடாது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவன் கை தேடியது. இரண்டு கையும் கயிறு இருந்த இடத்துக்குப் போய், அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்து, விரல்கள் விரிந்தன. அத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பதிவு ஆகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னேன். பிறகு, கையால் செதுக்கினது என்று சொல்லி அதை ஆட்டத்தில் சேர்த்தேன்.

ஆட்டம் வெளிவந்ததும் அந்த விழுதலைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். படுக்கப் போகிறவன் என்று எழுதினவனே, இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தான். ஆஸ்பத்திரியில் மச்சினன் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துக்குக் கீழே அவனுக்கு அசைவு எதுவும் கிடையாது, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "அக்கா, அது நான்" என்றான். "யாருடா?" என்றாள். "அந்த விழறவன். சட்டை வேற, மூஞ்சி வேற. ஆனா அது என் கை." விளம்பரம் மறுபடி வரும்வரை அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக உங்களிடம்தான் வந்தாள். அவள் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை, தம்பி என்றால் அவளுக்கு உயிர். எனக்கும்தான்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம், குற்றவாளி என்று என்னை மட்டும் உட்கார வைத்திருக்கிறீர்களே என்பதுதான். வருஷம் தவறாமல் கேட்டவர் வெளியே இருக்கிறார், வருஷம் தவறாமல் வாங்கினவன் வீட்டில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறான். இந்த அவசரத்தை நான் ஒருவன்தான் எதிர்த்தேன். மனுஷத்தன்மையோடு பேசினது அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

விழுந்த பிறகும் கேமரா ஏன் அவ்வளவு நேரம் ஓடியது, ஏன் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், மேடம். "மாமா, என் கால் எங்க இருக்கு?" என்று கேட்டான். தோள் மட்டும் கொஞ்சம் எழும்பும், மிச்ச உடம்பு வராது, திரும்ப ஒருமுறை எழும்பும். நான் பதில் சொன்னால் தலையைத் திருப்பிவிடுவான் என்று பேசாமல் நின்றேன். முடியாதவன் எழுந்திருக்கப் பார்ப்பதை இதுவரை எந்த ஆட்டத்திலும் யாரும் சரியாகச் செய்ததில்லை. இப்போது விற்கிற டப்பாவில் அது இல்லை, நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்தப் பதிவை அழித்துவிட வேண்டாம் என்று கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அதை நான் அடுத்த வருஷத்துக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.