கப்பல் படத் தைலம்

பிள்ளைகளே, திருமலைராயன்பட்டினத்திலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் தைலம் காய்ச்சி விற்கும் காக்கா ஒருவரும் (அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அவருடைய மச்சானும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம கப்பல் படத் தைலத்த நாமளே திருடிட்டோமாம், மச்சான்! வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் நம்ம லேபிள் படத்த அவன் நாட்டுல போன வருஷம் தன் பேருல பதிஞ்சுக்கிட்டு, இனிமே அனுப்பாதன்னு நோட்டீஸ் விட்டிருக்கான்.”

“அதுக்குத்தான் ஏழை நாட்டுக்காரங்களுக்குக் காசு வாங்காம வாதாடுற வக்கீல் காரைக்காலுக்கு வந்திருக்காராமே?”

“அவருதான் சாட்சி கேக்குறாரு. கம்பெனிக்கு முன்னாடியே நம்ம தைலம் அங்க போச்சுன்னு தேதியோட காட்டணுமாம். பழைய பாட்டிலுக்கு எங்க போவேன்? எல்லாத்தையும் லேபிள சொரண்டிக் கழுவி மறுபடியும் ஊத்திட்டோம்.”

“ரொம்பச் சுத்தக்காரரு! ஏன் காக்கா, பத்து வருஷத்துக்கு முன்ன அந்த ஊரு சுங்கத்துல சாராயம்னு உங்க பாட்டில பறிச்சுக்கிட்டு, அதோட லேபிள ஒரு காயிதத்துல ஒட்டி, தேதி முத்திரை குத்திக் குடுத்தானுவளே?”

“மெதுவாப் பேசுங்க மச்சான்! குடும்ப மானம் போயிடும்னு அத பரண்ல ஒளிச்சு வச்சிருக்கேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காக்கா துள்ளி எழுந்து வண்டியை நிறுத்தச் சொன்னார்.

“காரைக்காலுக்கு டிக்கெட் எடுத்துட்டு நடுவழியில எறங்குறீங்களே, என்னத்த மறந்தீங்க?” என்றார் நடத்துனர்.

“சாராயக் கேசு காயிதத்த!” என்று வண்டி முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டு இறங்கினார் காக்கா.