எல்லா வாசலும் அடுத்த வாசலைக் காட்டிய வழக்கு

அவைத் தலைவர் திருமதி மியூரியல் என்ட்விசில் அவர்களே, ஆல்டர்ஷா நகரின் மூத்தோரே, நனைந்த மேலங்கியோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, முதல் வரிசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருக்கும் நீதிமன்ற நிர்வாகத்தின் பிரதிநிதி அவர்களே! அனைவருக்கும் வணக்கம். குறைகளைத் தேதிவாரியாகப் படிக்கிறேன்.

1. 2023 மார்ச் 6: நம் ஊர் உரிமையியல் நீதிமன்றம் மூடப்பட்டது.

2. செப்டம்பர் 19: ஒழுகும் கூரையை உரிமையாளர் செப்பனிட ஆணையிடக் கோரி, வாடகைக்குக் குடியிருக்கும் சிரில், எனிட் ராக்ளிஃப் தம்பதியர் கொடுத்த மனுவை, 'எங்கள் அதிகார வரம்பில் வராது' என்று உயர் நீதிமன்றம் கீழ் உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

3. நவம்பர் 14: 'வீடு எங்கள் பகுதியில் இல்லை' என்று கீழ் நீதிமன்றத்தின் ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்துக்குத் தள்ளியது.

4. 2024 ஜனவரி 22: 'அவசரமில்லை' என்று கோப்பில் எழுதப்பட்டது.

ஐந்தாவதற்கு எண் போட எனக்குக் கை வரவில்லை. பிப்ரவரி 9 அன்று, பூஞ்சை படர்ந்த அந்த வீட்டில், சிரிலின் மூச்சு நின்றது.

"வெட்கக்கேடு!" என்கிறார் பின்வரிசை நண்பர். பொறுங்கள் ஐயா, முதல் வெட்கம் என்னுடையது. அந்த மனுவை எழுதியவன் நான். சட்டம் படித்தவன், சட்டம் கற்பித்தவன். பெரிய மன்றம் விரைந்து கேட்கும் என்று நம்பி, தவறான வாசலில் தட்டினேன். அந்தத் தவறை ஏற்கிறேன். ஆனால் அதன்பின் நடந்தது யார் தவறு? இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் கீழ் உரிமையியல் நீதிமன்றம் ஒன்றே ஒன்றுதான், ஊர்தோறும் இருப்பவை அதன் அலுவலகங்களே என்கிறது சட்டம். ஒரே மன்றத்துக்குள் 'எங்கள் பகுதி' ஏது? 'உங்கள் பகுதி' ஏது? மழைக்குத் தெரியாத எல்லை, மரணத்துக்குத் தெரியாத எல்லை, அலுவலக மேசைக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஜனவரியில் நீதிமன்ற அலுவலகத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பின்போது நான் அந்த வீட்டில் இருந்தேன்.

"யாருக்காச்சும் உடனடியா ஆபத்து இருக்காம்மா?" என்றார் எழுத்தர்.

"அய்யோ, அப்படிப் பெருசா ஒண்ணுமில்லப்பா. உங்களுக்குத்தான் வீண் தொந்தரவு, மன்னிச்சுக்கோங்க" என்றார் எனிட்.

"என் இருமல அவருக்குக் கேக்க வைடி, ஜட்ஜே எழுந்து நின்னுடுவாரு!" என்றார் படுக்கையிலிருந்து சிரில்.

"நீங்க சும்மா இருங்க. பாவம், அந்தப் பிள்ளை வேலையப் பாக்கட்டும்."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். நம்மில் யார் வேறு பதில் சொல்லியிருப்போம்? கால் முறிந்தாலும் 'பரவாயில்லை' என்போம். நம்மை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்போம். இந்நாட்டில் பிறந்து வளர்ந்த எழுத்தருக்கு அது தெரியாதா? தெரிந்தும் அந்தப் பணிவை வாக்குமூலமாக்கினார்கள். அந்த வாக்குமூலத்தை வைத்துத்தான் கோப்பில் 'அவசரமில்லை' என்று எழுதினார்கள்.

பிரதிநிதி அவர்களே, நான் இரக்கம் கேட்கவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. எனிட் இப்போது இருமத் தொடங்கியிருக்கிறார். மனு விசாரணைக்கு எந்த மன்றம், எந்த அறை, எந்தத் தேதி? மே 31, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வாய்மொழி வேண்டாம், வருத்தம் வேண்டாம்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். பிரதிநிதி அவர்களே, பதில் கடிதத்தைத் திருமதி எனிட் ராக்ளிஃப் பெயருக்கு மட்டும் அனுப்புங்கள். இருவர் பெயரையும் எழுதிவிடாதீர்கள். சென்ற வாரம்கூட அப்படித்தான் எழுதியிருந்தீர்கள்.