மார்கிரட் ரீச்சர் வீட்டுப் புகைபோக்கி

யாழ்ப்பாணத்தில் குளிர்காய அடுப்புக் கட்டிய மனிதனை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. காகமே நிழல் தேடித் திரியும் ஊர் இது. எங்கள் தெருவில் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர், இங்கிலாந்தில் ஜோர்ஜ் மன்னர்கள் நாளில் கட்டிய மாதிரி, தோளோடு தோள் ஒட்டிய மாடி வீடுகள் நான்கைக் கட்டிவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் ஒரே முகம். வாசலுக்கு மேலே அரைவட்டக் கண்ணாடி, மேலும் கீழும் இழுக்கிற நெடிய யன்னல், கீழறையிலும் மேலறையிலும் சுவருக்குள் அடுப்பு, கூரைக்கு மேலே புகைபோக்கி. அதில் புகை வந்ததை யாரும் கண்டதில்லை.

பிறகு அந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கடைகளாயின. முதலாவதில் தையற்கடை. இரண்டாவது என்னுடையது: சீவரத்தினம் றேடியோ ஸ்டோர்ஸ். கடைசியில் சாப்பாட்டுக்கடை. என் வாசலின் அரைவட்டக் கண்ணாடியை மறைத்துத்தான் பெயர்ப்பலகையை அடித்தேன். வியாபாரிக்கு வெளிச்சத்தைவிடப் பெயர் முக்கியம். எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் தாராளமாக வரத் தொடங்கியது. துரை குளிர்காயக் கட்டிய அடுப்புக்குள் நான் பிரிட்ஜ் வைத்து விற்றேன். அவருடைய ஆவி அதைப் பார்த்துச் செத்திருக்கும்.

மூன்றாவது வீடு மார்கிரட் ரீச்சருடையது. கீழே தட்டெழுத்து வகுப்பு, மேலே அவருடைய அறை. விதவை, பிள்ளைகள் இல்லை. கொழும்பில் ஒரு பெறாமகன் மட்டும், தங்கையின் மகன். நாள் முழுக்க அந்த மெசின்கள் சுவருக்கு அப்பால் தடதடக்கும். நான் றேடியோவைப் போட்டுக் காட்டினால், பாட்டுக்குத் தாளம் அங்கிருந்து வரும்.

எனக்குத் தேவை அகலம். இரண்டு வீட்டையும் சேர்த்து, முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டால் கண்டி வீதிவரை பேர் போகும். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"ரீச்சர், வீட்டை எனக்குத் தாங்கோ. உங்களுக்குக் கடற்கரைப் பக்கம் காத்தோட்டமா ஒண்டு பாத்துத் தாறன்."

"சீவரத்தினம், நீர் எப்பவும் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம். வீட்டை மட்டும் கேளாதையும். என்னை இஞ்சையிருந்து பெட்டியிலை வைச்சுத்தான் தூக்குவினம்."

வாக்குத் தவறாத பெண்மணி. அதை நான் எங்கும் சொல்வேன்.

நான் கோபப்படவில்லை. அந்த மாரி தொடங்கியதும் அவருடைய மாடியறையில் யன்னல் பக்கம் ஒழுகியது. கட்டில் நனைந்தது. சட்டிகளை வைத்துத் தண்ணீர் பிடித்தார். முதலில் போய்ப் பார்த்தவன் நான்தான். "அந்த அடுப்பை உடைச்சு எடுத்தால் சுவரோடை நல்ல இடம் வரும் ரீச்சர். கட்டிலை அதுக்குள்ளை போடலாம், ஒரு துளியும் விழாது. செலவு என்ரை" என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. "உம்மை நான் பிழையா நினைச்சுப்போட்டன்" என்றார்.

என் மேசன் நடராசாவை அனுப்பினேன். அவன் மாடியறை அடுப்பையும், அதற்கு மேலே புகைபோக்கியைத் தாங்கி நின்ற கட்டையும் பெயர்த்து எடுத்துவிட்டு, மேலே இரண்டு பனங்குத்திகளை முட்டுக் கொடுத்தான். இறங்கி வந்து என்னைத் தனியே கூப்பிட்டான்.

"முதலாளி, கூரைக்கு மேலை நிக்கிற புகைபோக்கி முழுக்க இப்ப உந்த ரெண்டு குத்தியிலைதான் நிக்குது. இரும்பு உத்தரம் ஏத்தாமல் உதுகளிலை கை வையாதேங்கோ."

"ஓம், இரும்பு கொழும்பிலையிருந்து வருகுது" என்றேன். அவன் நம்பிக் கரவெட்டிக்கு வேறு வேலைக்குப் போனான். நான் இரும்புக்கு யாரிடமும் சொல்லவில்லை.

ஒழுகிய இடத்தில் ஓடுகளை விலக்கி வைத்ததும் நான்தான். ஒட்டு வீட்டில் அது ஒரு வசதி. என் மாடி யன்னலால் ஏறினால் அவருடைய கூரையில் உலாவலாம்.

குத்திகளை எடுக்கச் சொன்னது ரீச்சர். இதைக் கவனமாகக் கேளுங்கள். நான் வற்புறுத்தவில்லை.

"சீவரத்தினம், இதென்ன, கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் துவாரபாலகர் மாதிரி? திரும்பிப் படுக்கேலாமல் கிடக்குது. எப்ப எடுப்பீர்?"

"மேலை இரும்பு வைச்சாச்சு ரீச்சர், பூச்சுக்குள்ளை இருக்குது. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுக்கிறன்."

ஞாயிறு என்றது தற்செயலாக அல்ல. அன்று வகுப்பு இல்லை. கீழே தட்டெழுத்துப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் நாளே என் கடை அடுப்புக்குள் இருந்த பிரிட்ஜை முன்பக்கம் நகர்த்தி வைத்தேன், பொதுச்சுவர் அதிர்ந்தால் அடிபடுமே என்று.

அவர் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி கொஞ்சம் கூட. நான் குடித்து முடித்துவிட்டுக் குத்திகளைத் தட்டி எடுத்தேன். துரையின் சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்பு. ஒரு பொடிகூட உதிரவில்லை. ரீச்சர் கட்டிலில் சரிந்து, கையை இரண்டு பக்கமும் விரித்துப் பார்த்து, "இப்பதான் ஐயா மனுசர் படுக்கிற இடம்" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினேன்.

மழை பிடித்தது. கடையில் இருந்து ஒரு றேடியோவின் முள்ளைத் திருகிக்கொண்டிருந்தேன். திருச்சி நிலையம் பிடிபடும் நேரத்தில் சுவர் அதிர்ந்தது. முதலில் ஓடியவன் நான். கல்லை அள்ளிக் கையெல்லாம் கிழிந்தது. செத்த வீட்டில் பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். பெறாமகன் அடக்கப் பூசை முடிந்த கையோடு வீட்டை எனக்கே எழுதித் தந்துவிட்டுக் கொழும்பு றெயில் ஏறினான். நல்ல பெடியன், வீண்கதை இல்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விசயம். ஆனால் மரண விசாரணை நடத்திய பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கவனக்குறைவான வேலை" என்று சொல்லிவிட்டார். நடராசாவைப் பிடித்து உள்ளே போட்டீர்கள். அவனுடைய மனைவி கமலாவதி என் கடை வாசலில் வந்து, "முதலாளி, அவர் உங்களிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே போனவர்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை, நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் மேலே பார்த்துக்கொண்டே வருகிறார்கள். சீவரத்தினம் கட்டினால் விழும் என்று ஊரெல்லாம் கதை.

அதனால்தான் வந்தேன். கூரை ஓடுகளை விலக்கியது நான். இரும்பு இல்லையென்று தெரிந்தே குத்தியை எடுத்தது நான். கீழே அவர் படுத்திருக்கும்போது புகைபோக்கி விழவேண்டும் என்றுதான் எடுத்தேன். நடராசாவை விட்டுவிடுங்கள், அவன் வேலை தெரிந்தவன். கொலை என்று எழுதுங்கள், ஐயா, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று எழுதினால் போடமாட்டேன்.